டேபிளுக்கு அடியில் கிடந்த கேபிள்

குமாரதாஸுக்குச் சகாயசெல்வியைக் கண்டாலே ஆகாது. அவளுக்கும் அவரைக் கண்டால் ஆகாது. அதை அவள் மறைத்ததும் இல்லை. வடசேரியில் ஒரு மாடியில் அவர் நடத்திய கம்ப்யூட்டர் சென்டரில் நாலு வருஷமாகப் பெருக்குவது, போன் எடுப்பது, மாணவர்களுக்கு நெட்வொர்க் கேபிள் செய்து கொடுப்பது எல்லாம் அவள்தான். எட்டுக் கம்பியையும் நிற வரிசை தப்பாமல் அடுக்கி, முனையில் கிளிப்பை வைத்து ஒரே அமுக்கு. அவள் கைபட்ட கேபிள் ஒன்றுகூடப் பழுதென்று திரும்பி வந்ததில்லை. அந்தக் கைக்காகத்தான் வைத்திருந்தார், இல்லாவிட்டால் என்றைக்கோ விரட்டியிருப்பார் அந்த மனுஷன்.

2008-ல் ஒரு பள்ளிக்கூடத்துக்கு லேப் போட்டுக்கொடுக்கும் வேலை சென்டருக்குக் கிடைத்தது. நெட்வொர்க்கிங் பரீட்சையில் பாஸாகிறவர்தான் லேப் இன்சார்ஜ் என்று குமாரதாஸ் கிளாஸில் அறிவித்தார். கிளாஸுக்கு ஆள் சேர்க்கச் சொன்ன பேச்சுதான். ஆனால் சகாயசெல்வி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். இருபத்தொன்பது வயதில், துடைப்பத்தைக் கீழே வைக்க அவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

"நானும் எழுதப்போறேன் சார்."

"நீயா? கடப்பொறத்துக்காரிக்கு எதுக்குட்டி நெட்வொர்க்கு? போய் மீன் வித்துப் பொழைக்கப் பாரு."

"மீன் விக்கது எங்க அம்மைக்க வேலை. அத அவ ஒழுங்காத்தான் செய்யுதா. நீங்க ஒங்க வேலைய ஒழுங்கா செய்யுங்க."

அன்றைக்கே புத்தக அலமாரிக்குப் பூட்டு விழுந்தது. அவள் அசரவில்லை. மாணவர்கள் வீசிவிட்டுப் போன நோட்டுகளைப் பொறுக்கி, பஸ்ஸில் உட்கார்ந்து பழைய ரசீதுகளின் பின்பக்கம் கணக்குப் போட்டாள். இருநூற்றைம்பத்தாறு எண் உள்ள ஒரு நெட்வொர்க்கை நாலாக உடைத்தால் ஒவ்வொன்றிலும் அறுபத்திரண்டு மெஷின். அது ஏன் அறுபத்துநாலு இல்லை என்று புரிய அவளுக்குப் பதினோரு நாள் ஆனது. ஒவ்வொரு துண்டிலும் முதல் எண்ணும் கடைசி எண்ணும் நெட்வொர்க்குக்கே போய்விடும் என்று புரிந்த அன்று, பக்கத்து சீட்டுக்காரி பார்க்கிறாளே என்றுகூட இல்லாமல் சிரித்தாள்.

குமாரதாஸின் மச்சினன் டெனிஷுக்கு அந்தக் கஷ்டமெல்லாம் இல்லை. வெளியே கசிந்த கேள்வித்தாளை அத்தானே பிரிண்ட் போட்டுக் கொடுத்தார். கேள்வியைக்கூடப் படிக்காமல் ஏ, பி, சி, டி என்று மனப்பாடம் செய்தான் அவன்.

இருவரும் திருவனந்தபுரம் போய் எழுதினார்கள். டெனிஷுக்கு ஆயிரத்துக்குத் தொள்ளாயிரத்துச் சொச்சம். சகாயசெல்வி பாஸ் மார்க்குக்குப் பத்து மார்க் மேலே.

"அவனுக்கு மார்க்கு கூடுதல். அவன்தான் இன்சார்ஜ்," என்றார் குமாரதாஸ். "நீ தெறப்பு விழாவுக்கு டீ எடுத்துட்டு வா."

ஆனாலும் வந்தாள்.

பள்ளியின் கரெஸ்பாண்டென்ட் ராஜையன் ரிப்பனை வெட்டி உள்ளே வந்தபோது இருபது மெஷினில் ஒன்றில்கூட நெட்வொர்க் ஓடவில்லை. டெனிஷ் ஒவ்வொன்றாக அணைத்துப் போட்டான். குமாரதாஸுக்கு வேர்த்துக் கொட்டியது.

டீத்தட்டோடு குனிந்தபோது சகாயசெல்வி பார்த்துவிட்டாள். எல்லா மெஷினையும் இணைக்கும் சுவிட்ச் பெட்டி டேபிளுக்கு அடியில் இருந்தது. அதன் விளக்கெல்லாம் வெறிபிடித்த மாதிரி மின்னின. ஒரு நீலக் கேபிளின் ஒரு முனை பெட்டியில் மாட்டியிருந்தது. சும்மா தொங்கிய மறுமுனையையும், பார்க்க அழகாக இருக்கட்டும் என்று, டெனிஷ் அதே பெட்டியின் காலி ஓட்டையில் சொருகியிருந்தான். போன தகவல் அதே வழியாகத் திரும்பி வந்து, சுற்றிச் சுற்றி மொத்த லேப்பையும் அடைத்துவிட்டது. பிடுங்கினால் ஒரு நிமிஷத்தில் சரியாகிவிடும். அவன் மனப்பாடம் செய்த தாளிலேயே இது ஒரு கேள்வி. பதில் பி.

ராஜையன் அவள் முகத்தைக் கவனித்தார். "ஒனக்கு என்னமோ தெரியும்போல இருக்கே. நீ யாரும்மா?"

அவள் வாய் திறப்பதற்குள் குமாரதாஸ் முந்திக்கொண்டார். "அவ எங்க சென்டர்ல பெருக்குத பொண்ணு சார். அவளுக்கு என்ன தெரியும்?"

சகாயசெல்வி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஆமா சார். பெருக்கத்தான் தெரியும்."

தட்டை வைத்துவிட்டுப் படியிறங்கினாள். அந்த சென்டர் பக்கம் அவள் மறுபடி போகவே இல்லை. மேலே பள்ளிக்கூட லேப்பில் அந்தப் பெட்டியின் விளக்குகள் மின்னிக்கொண்டே இருந்தன. அந்த நீலக் கேபிள் அவள் கையால் செய்தது. அதில் ஒரு பழுதும் இல்லை.