பஸ் போன பிறகு நிற்பவள்

கம்பெனி பஸ் ஹாரன் அடித்ததும் பக்கத்து மெஷினில் இருந்தவள் கையுறையைக் கழற்றினாள். நான் கழற்றவில்லை. அந்த நொடியில்தான் உறைத்தது: ஷிப்ட் முடிந்தும் நான் ஓ.டி.க்கு நிற்பதற்குக் காரணம் வாசலில் நிற்கும் என் ஸ்கூட்டி.

எனக்கு வீடு பக்கத்திலேயே, வல்லக்கோட்டை. அவள் இருப்பது ஸ்ரீபெரும்புதூரில் ஒரு பெண்கள் விடுதி. இந்த பஸ்ஸை விட்டால் ஒரகடத்தில் ஷேர் ஆட்டோவுக்குத் தனியாக நிற்க வேண்டும். விடுதியிலும் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். இருவருமே பயிற்சியில் இருப்பவர்கள். எங்கள் லைனில் வேலை நிரந்தரமாகப்போவது ஒருத்திக்குத்தான்.

மறுநாள் டீ பிரேக்கில் சூப்பர்வைசர் அவள் எதிரிலேயே சொன்னார்: "உனக்குத்தாம்மா ஆர்வம் ஜாஸ்தி. எப்ப கேட்டாலும் நிக்கிற. இந்தத் திருநெல்வேலிப் பொண்ணு பஸ்ஸயே பாத்துக்கினு கீது."

அவள் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போனாள். பின்னாலேயே ஓடினேன்.

"எனக்குக் கொஞ்சம் சாதகமா கீது, அவ்ளோதாண்டி."

"சாதகமா? காத்து அடிக்க மாதிரி அதுவா வந்துச்சாக்கும்?"

"சரி, வாய்ப்புன்னு வச்சுக்க."

"வாய்ப்புன்னா எனக்கும்லா இருக்கணும்."

"அப்ப செல்வாக்கா? நான் இன்னா, ஓனர் பொண்ணா?"

சிரிப்பு வந்ததை அடக்கிக்கொண்டாள். "ஏட்டி, ஒனக்கு வீடு பக்கத்துல. அதுக்கு அவரு ஆர்வம்னு பேரு வைக்காரு. நீயும் தலையாட்டுத."

அந்தக் கடைசிச் சொல் சுட்டது. அன்று முழுக்க ஸ்க்ரூ முடுக்கிக்கொண்டே சொற்களைப் புரட்டினேன். அனுகூலம் என்றால் கல்யாணப் பேச்சு மாதிரி இருக்கிறது. சலுகை என்றால் யாராவது கொடுத்திருக்க வேண்டும். கடைசியில் மிஞ்சியது வசதி. வீடு பக்கத்தில் இருப்பது குற்றம் இல்லை, ஆனால் திறமையும் இல்லை. அதற்கு யாரும் மார்க் போடக் கூடாது.

இதைச் சொன்னால் அந்த இடம் எனக்கில்லாமல் போகலாம். வீட்டில் அம்மா ஏற்கெனவே பக்கத்து வீடுகளில் சொல்லிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை சூப்பர்வைசர் நிரந்தரமாக்க வேண்டியவளின் பெயரைக் கொடுக்கிறார். அதற்கு முன்பே, நாளைக் காலை, லைன் ஓடுவதற்கு முன் எல்லோரும் வரிசையாக நிற்கும்போது, கையைத் தூக்கப்போகிறேன். "சார், என்னுது ஆர்வம் இல்ல, வசதி. ஓ.டி. முடியறப்போ ஒரு வேன் வுடுங்க. அப்பால யாரு நிக்கிறாங்கன்னு பாருங்க."