சிவப்பும் நீலமும் இடம் மாறிய படம்

நெஞ்சில் அவ்வப்போது ஒரு படபடப்பு இருந்தது. எனக்கு அது பெரிதாகப் படவில்லை, வீட்டில்தான் விடவில்லை. பாளையங்கோட்டையில் ஓர் இதய மருத்துவரிடம் எக்கோ எடுக்கப் போனேன். மருத்துவருக்கு அறுபது தாண்டிய வயது. கருவியை நெஞ்சில் வைத்து எக்கோ எடுப்பவர் மேலப்பாளையத்திலிருந்து வரும் ஒரு பெண். அளந்து பேசுகிறவர்.

எனக்கு ஒன்றுமில்லை என்றார்கள். சட்டையை மாட்டும்போதுதான் அதைக் கவனித்தேன். எனக்கு முந்தி வந்த ஒருவரின் படத்தைத் திரையில் நிறுத்தி, அந்தப் பெண் தன் கைபேசியால் அதைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். திரையின் குறுக்கே டியூப்லைட் வெள்ளைக் கோடாக விழுந்தது. இடது கையை நீட்டி அதை மறைத்துப் பார்த்தார், முழுதாக மறையவில்லை.

எதற்கென்று கேட்டேன். மதுரையில் அறுவை செய்யும் மருத்துவருக்கு அனுப்புவதற்காம். எக்கோவைக் காட்டும் மென்பொருளில் படத்தை வெளியே எடுக்க வழியில்லை. அதை விற்றவர்கள் கடையைக் கட்டிவிட்டார்கள். கைபேசிப் படத்தை மதுரையில் நம்புவதில்லை. நோயாளியை அங்கே வரச்சொல்லி மறுபடியும் எக்கோ எடுத்து, அதன் பிறகே நாள் குறிக்கிறார்கள். மூச்சு வாங்குகிறவர்கள் ஒரு படத்துக்காக இரண்டு முறை பஸ் ஏறவேண்டியிருந்தது.

நான் இருபது வருஷமாக நிரல் எழுதிப் பிழைப்பவன். "திரையில தெரியுதத எடுக்கது ஒரு பெரிய வேலையே இல்ல டாக்டர், நான் செஞ்சு தாரேன்" என்றேன். அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "செய்யும்வே, பாப்போம்" என்றார்.

முதல் முயற்சியில் கறுப்புக் கட்டம்தான் வந்தது. மென்பொருள் சன்னலின் ஓரங்கள், பொத்தான்கள், நோயாளியின் பெயர் எல்லாம் இருந்தன, இதயம் இருக்கவேண்டிய இடம் மட்டும் இருட்டு. எனக்கு இது புதிதல்ல. அந்த மென்பொருள் படத்தை வழக்கமான பாதையில் திரைக்கு அனுப்பாமல், கிராஃபிக்ஸ் கார்டிடம் நேரடியாகக் கொடுத்து வரையச் சொல்கிறது. அப்படியானால் நானும் கார்டிடமே போய்க் கேட்கவேண்டியதுதான். அதற்கென்று ஒரு நிரல் இடைமுகம் உண்டு. கடைசியில் திரைக்குப் போகிற முழுப் படத்தையும் அதன் வழியாகக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

கேட்டேன், கிடைத்தது. ஆனால் படம் மழையில் சாய்ந்த நெற்பயிர் மாதிரி ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது. கார்டு தன் வசதிக்காக ஒவ்வொரு வரியின் முடிவிலும் கொஞ்சம் வெற்றிடம் விட்டு வைக்கும். அதைத் தாண்டாமல் படித்தால் வரிக்கு வரி படம் நகர்ந்துகொண்டே போகும். தாண்டிப் படிக்கச் செய்ததும் நிமிர்ந்துவிட்டது. அந்தப் பெண் கொடுத்திருந்த, அந்த மென்பொருளில் மட்டுமே திறக்கும், பெயர் நீக்கிய பதிவுகளை, வீட்டுக் கணினியில் அதே மென்பொருளை ஏற்றி ஓட்டி, நூறு படம்போல எடுத்துப் பார்த்தேன். எல்லாம் சாம்பல் நிறத்தில், துல்லியமாக இருந்தன. இனி இதில் பார்க்க ஒன்றுமில்லை என்று முடிவு செய்தேன்.

சனிக்கிழமை மதியம் மருத்துவரின் எக்கோ மையத்தில் அதை நிறுவினேன். சோதனைக்கு ஆள் வேண்டுமே என்று நானே படுத்தேன். அந்தப் பெண் நெஞ்சில் ஜெல்லைத் தடவி, ரத்த ஓட்டத்தைக் காட்டும் வண்ணப் பொத்தானை அழுத்திவிட்டு, நான் சொன்ன விசையைத் தட்டினார். பக்கத்துத் திரையில் என் இதயம் வந்து நின்றது. டியூப்லைட் கோடு இல்லை, மங்கல் இல்லை. மருத்துவருக்குச் சந்தோஷம். திங்கட்கிழமையே மதுரைக்கு அனுப்பிவிடலாம் என்றார். நான் படுத்தவாக்கிலேயே பூரித்துப்போயிருந்தேன்.

அந்தப் பெண் மட்டும் இரண்டு திரைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அண்ணே, மெஷின்ல செவப்பா இருக்கது உங்க படத்துல நீலமா இருக்கு" என்றார். "செவப்புன்னா ரத்தம் நம்மளப் பாத்து வருதுன்னு அர்த்தம். நீலம்னா விலகிப் போவுது. இத அனுப்புனா, ஒழுகாத வால்வ ஒழுகுதுன்னு நெனைப்பாங்க."

எனக்குக் காது சுட்டது. தவறு உடனே புரிந்துவிட்டது. கார்டு ஒவ்வொரு புள்ளியிலும் நீலத்தை முதலில் வைக்கிறது, நான் சிவப்பு முதலில் என்று எடுத்துக்கொண்டு எழுதியிருந்தேன். சாம்பல் நிறத்தில் இரண்டும் ஒரே அளவு என்பதால் அந்த நூறு படங்களில் ஒன்றுகூட என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. வண்ணப் படம் ஒன்றையாவது பார்த்திருக்கவேண்டும். பார்க்கவில்லை.

ஜெல்லைத் துடைத்துக்கொண்டு மடிக்கணினியைத் திறந்தேன். ஒரே வரிதான், கால் மணி நேரத்தில் சரியாகிவிட்டது. எந்த நிறம் எந்தத் திசை என்று படத்தின் ஓரத்தில் காட்டும் வண்ணப் பட்டையை நிரலே சோதித்து, மேலே சிவப்பு இல்லையென்றால் சேமிக்க மறுக்கும்படி செய்துவிடலாமா என்று கேட்டேன். அந்தப் பெண் வேண்டாம் என்றார். சில சமயம் மருத்துவரே அந்தப் பட்டையைத் தலைகீழாக மாற்றி வைத்துப் பார்ப்பாராம். அப்போது சரியான படத்தை நிரல் தள்ளிவிடும்.

"எடுத்த படத்த பெருசாக் காட்டச் சொல்லுங்க. நான் மெஷினோட ஒத்துப் பாத்துட்டு அமுக்குதேன். அதுக்கப்புறம் போகட்டும்."

அப்படியே செய்தேன். பெயர் வரும் இடத்தை மறைக்கவும் அவர்தான் சொன்னார்.

அடுத்த வாரம் முதல் படங்கள் போயின. அம்பாசமுத்திரம் பக்கத்தில் அரிசி ஆலையில் வேலை பார்த்த ஓர் அம்மாளுடையவை அவை. வால்வு சுருங்கி, மாடிப்படி ஏற முடியாமல் இருந்தார். மறுநாள் காலையே மதுரையிலிருந்து பதில் வந்தது: படம் போதும், மறுபடி எக்கோ வேண்டாம், அறுவைக்கு நேராக வந்து சேரட்டும். மருத்துவர் அதை எனக்குத் தொலைபேசியில் இரண்டு முறை வாசித்துக் காட்டினார்.

சில மாதம் கழித்து, கணினி மாற்றுகிறார்கள் என்று என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். அறுவை முடிந்து மறுபரிசோதனைக்கு அந்த அம்மாள் வந்திருந்தார். மையத்தின் மாடிப்படியை நின்று நிதானிக்காமல் ஏறி வந்தார். எக்கோ எடுக்கும் பெண் என்னைக் காட்டி, படம் அனுப்ப வழி செய்தவர் இவர்தான் என்று சொன்னார். அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்பம் எனக்கு அந்தப் படத்தக் காட்டும்யா. எல்லாரும் பாத்திருக்காவ, நான் பாக்கல."

கோப்பைத் தேடி எடுத்துத் திரையில் வைத்தேன். சிவப்பு எது, நீலம் எது, அடைப்பு எங்கே இருந்தது என்று அந்தப் பெண் விரல் வைத்துச் சொன்னார். அம்மாள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, அவசரமே இல்லாமல் பார்த்தார். வெளியே அடுத்த ஆள் காத்திருந்தார். யாரும் அம்மாளை எழுப்பவில்லை.