மைக்செட்டில் ஊரே கேட்ட என் ஞானஸ்நானம்

தொண்ணூறுகளின் கடைசியில், ஒரு கார்த்திகை மாதத்து ஞாயிற்றுக்கிழமை, கோவில்பட்டியிலிருந்து இடைசெவல் போகிற வழியில் ஒரு பருத்திக்காட்டுக் கிணற்றில் நடந்தது இது.

மாதத்தைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் கரிசல் பக்கம் ஞானஸ்நானம் எடுக்க மனந்திரும்பினால் மட்டும் போதாது, மழையும் பெய்ய வேண்டும். எங்கள் சபையில் ஆளைத் தண்ணீருக்குள் முழுசாக முக்கி எடுப்பார்கள். எங்களுக்கு ஆறு கிடையாது. கண்மாயோ, பாதி வருஷம் பையன்கள் கிரிக்கெட் ஆடுகிற இடம். ஐப்பசி மழை அடித்து ஊற்றி, காட்டுக் கிணறுகளில் தண்ணீர் படிக்கு ஏறினால்தான் பாஸ்டர் நாள் குறிப்பார். மழை பொய்த்தால் ஞானஸ்நானமும் அடுத்த வருஷம்.

இந்த ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஊரே வானத்தைப் பார்த்து ஏங்கிய வருஷங்களில் நான் மட்டும் உள்ளுக்குள் தோத்திரம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

என் தொழில் மைக்செட். கல்யாணம், சடங்கு, கோயில் கொடை, கட்சிக்கூட்டம் எல்லாவற்றுக்கும் குழாய் ஸ்பீக்கர் கட்டுவேன். பாட்டுக்கு நடுவே மைக்கைப் பிடித்து நாலு நக்கல் பேசுவது என் கூடுதல் சேவை. என் மனைவி தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தபோது கூட வேலை பார்த்த பெண்களோடு ஜெபத்துக்குப் போக ஆரம்பித்தாள். நான் அவளைக் கூட்டிவரப் போய், வாசலில் நின்று, பிறகு உள்ளே உட்கார்ந்து, கடைசியில் அங்கேயும் மைக்செட் போட ஆரம்பித்தேன். இயேசு என்னைப் பிடித்துவிட்டார் என்பது எனக்கே தெரிந்தது. ஆனால் ஞானஸ்நானம் என்று பேச்செடுத்தால் மட்டும், "எனக்கு இன்னும் தகுதி வரல பாஸ்டர்" என்று தலையைக் குனிந்துகொள்வேன். கேட்பவர்களுக்குக் கண் கலங்கும். அவ்வளவு தாழ்மை!

பாஸ்டர் கடற்கரைப் பக்கத்துக்காரர். வயதில் என்னைவிடப் பெரியவர், ஒல்லி உடம்பு. ஒருநாள் சொன்னார், "தகுதி வந்த பொறவு வர்றதுக்கு இது என்ன இன்டர்வியூவா தம்பி? ஒனக்குத் தகுதி வராதுன்னு தெரிஞ்சுதான ஆண்டவர் உன்னையத் தேடி வந்தாரு."

தகுதி என்று நான் சொன்னதில் பாதி நிஜம். குடியை விட்டிருந்தேன், வாயை விடவில்லை. இன்னும் கொஞ்சம் சுத்தமானால் ஆண்டவர் முன்னால் நிற்கலாம் என்று நிஜமாகவே நினைத்தேன். மீதிப் பாதி, தண்ணீர்ப் பயம். கோவில்பட்டியில் குழாயில் தண்ணீர் வருவதே ஒரு திருவிழா. நான் அதுவரை இறங்கிய ஆழமான நீர்நிலை எங்கள் வீட்டு சிமெண்ட் தொட்டிதான்.

அந்த வருஷம் மழை என்னைக் கைவிட்டது. மூன்று நாள் விடாமல் பெய்தது. "இந்த வருசம் நீங்க எறங்கல, நானே தள்ளிவிட்டுருவேன்" என்றாள் என் மனைவி. தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தவள், சொன்னால் கொளுத்திவிடுவாள். சரி என்று ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொண்ட அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை.

பயத்தை மறைக்க வேலையில் மும்முரமானேன். அந்தப் பருத்திக்காட்டுக்குச் சொந்தக்காரரான காட்டுக்காரர் அண்ணாச்சி எங்கள் சபை ஆள் இல்லை. ஆனாலும் கேட்டவுடனே கிணற்றைக் கொடுத்திருந்தார். அவருடைய மோட்டார் ரூமிலிருந்து கரண்ட் எடுத்தேன். மஞ்சணத்தி மரத்தில் ரெண்டு குழாய் கட்டினேன், ஒன்று ஊரைப் பார்த்து, ஒன்று காட்டைப் பார்த்து. அதோடு விட்டேனா? கிணற்றுக்குள்ளிருந்து பேசினால் மேலே நிற்கும் பெண்களுக்குக் கேட்காதே என்று ஒரு மைக்கை நீள வயரில் கட்டி, படிப்பக்கமாகக் கிணற்றுக்குள் தொங்கவிட்டேன். "எக்கோ எப்படி வருது பாருங்க!" என்று எல்லாரிடமும் பெருமையடித்துக்கொண்டேன். எனக்கான குழியை வயர் இழுத்து, டெஸ்ட் பண்ணி வைத்த ஆள் நான்.

வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் வரிசையாக நின்றோம். நான் கடைசி. தண்ணீருக்குள் முழுகியிருந்த அகலப் படியில் பாஸ்டர் நெஞ்சளவில் நின்றார். அதற்கு அப்புறம் படி இல்லை, வெறும் ஆழம். எனக்கு முன்னால் போனவர்கள் ஆட்டுக்குட்டி மாதிரி இறங்கி, முங்கி, சிரித்துக்கொண்டே ஏறினார்கள். மேலே பெண்கள் பாடினார்கள்.

என் முறை வந்தது. தண்ணீர் முழங்காலைத் தொட்டபோதே எனக்கு வாய் உலர்ந்துவிட்டது. இடுப்பைத் தொட்டபோது மூச்சு மேலே நின்றுகொண்டது. பாஸ்டர் என் முதுகில் கை வைத்து, "இயேசுவை உன் இரட்சகரா ஏத்துக்கிடுதியா தம்பி?" என்று கேட்டார். நான் "ஏத்து..." என்று ஆரம்பித்தேன். காலுக்கடியில் பாசி வழுக்கியது.

ரெண்டு பேரும் சேர்ந்தே ஆழத்துக்குள் போனோம்.

அதற்கப்புறம் நான் செய்ததை நான் செய்ததாகச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. பாஸ்டர் கழுத்தைக் கட்டிப் பிடித்தேன். அவர் முங்கினார். நல்லதாகப் போயிற்று என்று அவர் தோளில் கால் வைத்தேன். அப்புறம் தலையில். என் குதிகால் எதிலோ 'ணங்' என்று மோதியது. கைக்கு மோட்டார் குழாய் சிக்க, குரங்கு மாதிரி தொற்றிப் படிக்குத் தாவினேன். தாவிய இடத்தில் நேர் வாய்க்கு எதிரே தொங்கியது, நான் கட்டிய மைக்.

"ஏ எம்மா! என்னைய விட்ருங்க! ஞானஸ்நானமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்! உசுரு போதும்!"

எக்கோ பிரமாதமாக வந்தது. மஞ்சணத்தி மரத்துக் குழாய் அதை ஊருக்கும் காட்டுக்கும் பாரபட்சமில்லாமல் பங்கு வைத்தது. கல்யாண வீடுகளில் நான் ஆயிரம் நக்கல் பேசியிருக்கிறேன். எதுவும் அவ்வளவு தூரம் போய்ச் சேர்ந்ததில்லை.

திரும்பிப் பார்க்கவில்லை. மேலே ஏறியதும் பாட்டு நின்றிருந்தது. என் மனைவி என்னைப் பார்க்கவில்லை. கிணற்றுக்குள்ளே பார்த்து அலறினாள். "பாஸ்டர் ஐயாவைக் காணோம்! ஐயாவைக் காணோம்!" காட்டுக்காரர் அண்ணாச்சி துண்டை உதறிவிட்டுக் கிணற்றுக்குள் குதித்தார்.

அப்போதுதான் புரிந்தது. நான் எதன் மேல் மிதித்து ஏறினேன் என்பது அப்போதுதான் மண்டைக்குள் ஏறியது. என்ன செய்தேன் தெரியுமா? ஓடினேன். உதவிக்கு ஆள் கூப்பிட ஓடினேன் என்று பிற்பாடு ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். நம்பிக்கை வரவில்லை. ரோடு ஒரு பக்கம் இருக்க, நான் ஓடியது பருத்திக்காட்டுக்குள்.

மழை ஈரத்துக் கரிசலில் ஓடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஓட முடியாது. ஒவ்வொரு எட்டுக்கும் மண் காலோடு அப்பும். பத்து எட்டுக்குள் ஒவ்வொரு பாதமும் ஆட்டுக்கல் கனம் கனக்கும். நான் ஓடுவதாக நினைத்துக்கொண்டு ஒரே இடத்தில் காலைப் பிடுங்கிப் பிடுங்கி நட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் செடிகளுக்கு நடுவே முகம் குப்புற விழுந்தேன். வெள்ளை வேட்டி சட்டை கறுப்பாகிவிட்டது. அந்த மனுஷன் செத்திருப்பார். நான் கொன்றிருக்கிறேன். இனி எந்த முகத்தோடு யார் முன்னால் நிற்பேன்? தகுதி தகுதி என்று தேடினேனே, கொஞ்சநஞ்சம் இருந்ததையும் அவர் தலைமேல் வைத்து மிதித்துவிட்டேன்.

அப்போது காட்டைப் பார்த்துக் கட்டியிருந்த குழாய் கரகரத்தது.

கிணற்றுக்குள் மைக் இன்னும் ஆனில்தான் இருந்தது. ஒரே தண்ணீர்ச் சத்தம். அப்புறம் காட்டுக்காரர் அண்ணாச்சி குரல், மூச்சு வாங்கியபடி: "புடிச்சிட்டேன்... படியில ஒக்காருங்க சாமி. கக்குங்க, நல்லாக் கக்குங்க." இருமல். நீளமான, பயங்கரமான இருமல். உயிரோடு இருக்கிறார்! மண்ணுக்குள் முகத்தை வைத்து நான் அழுதேன்.

அடுத்து எங்கள் சபை மூப்பர் குரல். "என்ன ஐயா, வாயெல்லாம் ரத்தம்! அந்தக் கொலகாரப் பயல இனி சபை வாசல்ல ஏத்தக் கூடாது."

அவர் சொன்னது நியாயம். நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். எழுந்து ரோட்டுக்குப் போய், வருகிற பஸ்ஸில் ஏறி, கழுகுமலையோ சங்கரன்கோவிலோ எங்கேயாவது போய்விட வேண்டியதுதான் என்று முடிவு பண்ணினேன்.

குழாயில் பாஸ்டர் குரல் வந்தது. உடைந்து, காற்றுப் போகிற குரல். தண்ணீரிலிருந்து எடுத்த மனுஷன் பேசிய முதல் பேச்சு.

"அவன் ஏறிட்டானா?"

இருமிவிட்டு மறுபடி கேட்டார்.

"தம்பி ஏறிட்டானாய்யா? உள்ள பாருங்கய்யா. அவனுக்கு நீச்சத் தெரியாது."

"அவன் உங்க தலையில மிதிச்சு ஏறி ஓடிட்டான் ஐயா!" என்றார் மூப்பர், ஆத்திரத்தோடு.

"ஏறிட்டான்லா?" என்றார் பாஸ்டர். "தோத்திரம்." மறுபடி இருமல்.

நான் எத்தனையோ பிரசங்கங்களுக்கு மைக்செட் போட்டவன். கிருபை, மன்னிப்பு என்று சத்தம் கூட்டிக் குறைத்திருக்கிறேன், கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டேன். நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறக்கவில்லை. கேட்பதாகவும் இல்லை, பஸ்ஸுக்கு வழி பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு முன்னாலேயே அது நான் கட்டிய குழாய் வழியாகவே வந்துவிட்டது.

எழுந்தேன். பஸ் ரோட்டுக்கு முதுகைக் காட்டி, கிணற்றைப் பார்த்து நடந்தேன். போகும்போது அப்பியதைவிட வரும்போது மண் இன்னும் அதிகமாக அப்பியது. வேட்டி ஒரு செடியில் மாட்டிக் கிழிந்தது. பயம் போகவில்லை, தயவுசெய்து அப்படி நினைத்துவிடாதீர்கள். ஆனால் இனி திரும்புவதில்லை என்று மட்டும் பிடிவாதமாக இருந்தேன்.

என் மனைவி என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். "எந்தச் சேத்துல பொரண்டுட்டு வாரீய?" என்றாள். அழுகையா சிரிப்பா என்று தெரியாத குரல்.

பாஸ்டர் படியில் உட்கார்ந்திருந்தார். வாயில் துண்டு. நான் அவருக்கு மேல் படியில் போய் நின்றேன். "பாஸ்டர்... பல்லு..." என்று சொன்னேன். முன்பல் ஒன்றைக் காணோம்.

"அது கெணத்துக்குள்ள கெடக்கு" என்றார். "தேடப் போவமா? வா."

மூப்பர் குறுக்கே வந்தார். "ஐயா, ஞானஸ்நானம் வேண்டாம்னு இவன் மைக்குலயே சொல்லிட்டானே. ஊரே கேட்டுது."

"கத்துனது பயம்" என்றார் பாஸ்டர். "நடந்து வந்தது அவன்."

காட்டுக்காரர் அண்ணாச்சி தன் பங்குக்கு, "கவுத்துல கட்டி எறக்குவமா சாமி? கெணத்துல விழுந்த சினை மாட்ட அப்படித்தான் தூக்குவோம்" என்றார். நிஜ அக்கறையோடுதான் கேட்டார். மேலே நின்ற பெண்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது.

"மைக்கையாவது ஆஃப் பண்ணிட்டு எறங்குங்க" என்றாள் என் மனைவி.

"வேண்டாம்" என்றேன். "ஆன்லயே கெடக்கட்டும். அதக் கேட்ட ஊரு இதையும் கேக்கட்டும்."

அதே படி. அதே பாசி. தண்ணீர் இடுப்புக்கு வந்ததும் என் கை தன்னாலே பாஸ்டர் சட்டையைத் தேடிப் போனது. அவர் அதை மெல்ல எடுத்துவிட்டார். "என்னையப் பிடிக்காதே தம்பி. கையை நெஞ்சுல கட்டிக்கோ. பிடிக்க வேண்டியது நான், நீயில்ல."

கையைக் கட்டிக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த மிகக் கஷ்டமான காரியம் அதுதான். அவர் கேட்டதற்கு, "ஏத்துக்கிடுதேன்" என்று முழுசாகச் சொன்னேன். குழாய் அதையும் ஊருக்குச் சொன்னது. தண்ணீர் தலைக்கு மேல் மூடியது. முதுகில் ஒரு கை இருந்தது. சற்றுமுன் நான் மிதித்து ஏறிய மனுஷனுடைய கை. அது என்னைத் தூக்கி வெளியே நிறுத்தியபோது என் மேலிருந்த கரிசல் மண் கிணற்றுத் தண்ணீரில் கரைந்து கறுப்பாகப் போய்க்கொண்டிருந்தது. "என் தண்ணியெல்லாம் போச்சு" என்றார் காட்டுக்காரர்.

அதற்குப் பிறகு பல வருஷம் கல்யாண வீடுகளில் நான் மைக் டெஸ்ட் பண்ண வாயெடுத்தாலே யாராவது ஒருத்தர், "அண்ணாச்சி, உசுரு போதும்!" என்று கத்துவார். என் கடைக்கு அதுவே பெயராகிவிட்டது. பாஸ்டரைப் பல் கட்டக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். "போவோம் போவோம்" என்பார், போகவே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் 'இயேசு' என்று சொல்லும்போது அந்தச் சந்து வழியாகச் சின்னதாக ஒரு விசில் வரும். மைக்கில் அது கூடுதலாகக் கேட்கும். மைக்செட்டில் டிரபிள் திருகைக் குறைத்தால் அது கேட்காது. நான் குறைத்ததில்லை.

அந்தக் கிணற்றிலிருந்து ஏறிய பிறகு நான் ஒன்றும் பரிசுத்தவானாகிவிடவில்லை. வழுக்கியிருக்கிறேன், என்னைத் தாங்கியவர்களையே மிதித்திருக்கிறேன், ஓடப் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒவ்வொரு தடவையும் காலில் மண் அப்பி நிற்கிற இடத்தில், நான் வாய் திறப்பதற்கு முன்னாலேயே அந்தக் குரல் கேட்டுவிடுகிறது, "அவன் ஏறிட்டானா?" என்று, கேட்டதும் பஸ் ரோட்டுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நடக்கிறேன்.