சுற்றுவழிப் பொங்சம்

பாதை இரண்டாகப் பிரியும் இடம் வந்தால் பொங்சம் நின்றுவிடுவான். பிடரியைச் சொறிவான். மூக்கை உறிஞ்சிக் காற்றை மோந்து பார்ப்பான். குனிந்து ஒரு புல்லைப் பிடுங்கிக் கடித்துத் துப்புவான். பிறகு வெகுநேர யோசனைக்குப்பின் முடிவுக்கு வந்தவனைப்போல, இரண்டில் எது செங்குத்தாக, கல்லும் முள்ளுமாக இருக்கிறதோ அந்தப் பக்கம் கையை நீட்டுவான். "இதுதாங்கய்யா வழி. வேற வழி கெடையாது" என்பான். பின்னால் வரும் விருந்தாளிகள் பெருமூச்சு விடுவார்கள். அவர்களைவிடப் பெரிய பெருமூச்சாக இவன் ஒன்று விடுவான். வழி சொன்னது நடிப்பு, பெருமூச்சு நடிப்பில்லை.

காங்கே மலைநாட்டில், அம்னோக் ஆற்றுக்குத் தெற்கே, தல்கோல் பள்ளத்தாக்குக்காரன் அவன். வயது நாற்பத்தைந்துக்குப் பக்கம். தொந்தி சற்று முன்னால் போகும், ஆள் பின்னால் வருவான். ஆற்றங்கரையில் மருந்து வேர் வாங்க வரும் அக்கரை வியாபாரிகளோடு சிறுவயதிலிருந்தே பேசிப் பழகியதில் அவர்கள் பாஷை நன்றாக வரும். அதனால் அக்கரைப் பேரரசரின் ஆட்கள் யாராவது ஆற்றைக் கடந்து இந்தப் பக்கம் வந்துவிட்டால் வட்டார அதிகாரியின் கச்சேரியிலிருந்து உடனே இவனுக்கு ஆள் வரும். ஊர் உலகத்தில் வழிகாட்டி என்றால் சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்ப்பவன். இவனுக்குக் கிடைத்த வேலை நேர்மாறானது. வந்தவரை எவ்வளவு சுற்ற முடியுமோ அவ்வளவு சுற்றி, எதையும் பார்க்கவிடாமல், ஆனால் மனம் கோணாமல், திருப்பி ஆற்றங்கரையில் கொண்டுபோய் விட வேண்டும்.

இத்தனைக்கும் பொங்சம் சோம்பேறி. நடப்பது என்றாலே ஆகாது. உட்காரத் தோதான கல்லைக் கண்டால் உட்காராமல் நகரமாட்டான். இந்த மலையில் எந்தக் கல் வெயிலில் சூடாக இருக்கும், எது முதுகுக்கு அணைவாக இருக்கும் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. அவன் மனைவி சம்வோல் கிணற்றடியில் நாலு பேர் கேட்கச் சொல்வாள்: "ஒரு கட்டு வெறகு தூக்கச் சொன்னா இடுப்பு புடிச்சுக்கும். அக்கரைக்காரன் வந்துட்டா மட்டும் மலையையே நாலு சுத்து சுத்துவாரு எங்க வீட்டு மகராசன்." அவன் வைக்கோல் செருப்பை அவிழ்த்துக் கால் கொப்புளத்தை அவள் கண்ணில் படும்படி நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

தல்கோலில் பனி உருகியதும் ஒரு நாள் உண்டு. வேறு ஊர்களில் அந்தப் பருவத்தில் பாதையைச் சீர்படுத்துவார்கள். இங்கே வீட்டுக்கு ஒருவர் கிளம்பி மலை முகட்டுக்குப் போய்ப் பாதையைக் கெடுப்பார்கள். பட்டுப்போன பைன் மரத்தை வெட்டிக் குறுக்கே சாய்ப்பதும், பாறையை நெம்பி உருட்டுவதும், ஓடைமேல் விவரம் தெரியாமல் யாரோ போட்ட பாலக்கட்டையைப் பிடுங்கி எறிவதுமாகப் பொழுது போகும். மேற்பார்வை பொங்சமுடையது. நல்ல கல் ஒன்றில் உட்கார்ந்து, தினை மதுக் குடுவையை மடியில் வைத்துக்கொண்டு, "அந்த எடத்துல இன்னும் ஒரு மேடு வேணும். மூச்சு வாங்கலயே" என்பான். வேலை முடிந்ததும் ஓர் இளவட்டத்தை அந்த வழியில் ஏறிவரச் சொல்வார்கள். அவன் கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டே மேலே வந்து சேர்ந்தால் வேலை சுத்தம் என்று பொருள். எல்லோரும் சாப்பிட உட்காருவார்கள்.

வேடிக்கையாகத்தான் இருக்கும். ஆனால் அதன் அடியில் இருப்பது வேடிக்கையில்லை. தல்கோல் வழியாக ஆற்றிலிருந்து தெற்கே போவதற்கு ஒரு மேடு பள்ளமில்லாத தடம் இருக்கிறது. அது வெளியாள் கண்ணில் படாமலிருக்கத்தான் விருந்தாளிகளுக்கென்று இந்த முகட்டுப் பாதை. மாட்டுவண்டி தாராளமாகப் போகும். வண்டி போகிற இடத்தில் படையும் போகும். அம்னோக் ஆறு கோடையில் எங்களுக்கு மதில். குளிரில் உறைந்துவிட்டால் அதுவே பாலம். பொங்சமின் அப்பா சிறுவனாக இருந்தபோது அப்படி ஒரு குளிர்காலத்தில்தான் அக்கரைக் குதிரைப்படை வந்தது. கோட்டைகளை முற்றுகையிட்டு நேரத்தை வீணாக்காமல், அவற்றைச் சுற்றிக்கொண்டு நேரே தலைநகரத்துக்கு ஓடியது. அதில் ஒரு பிரிவு இந்தப் பள்ளத்தாக்கு வழியாகப் போனது. திரும்பிப் போகையில் ஆட்களையும் பிடித்துக்கொண்டு போனது. எங்கள் அரசர் பேரரசர் முன் பனியில் மண்டியிட்டு நெற்றியைத் தரையில் வைத்தார். அன்றிலிருந்து எங்கள் தூதர்கள் ஆண்டுதோறும் காகிதமும் துணியும் சுமந்துகொண்டு போய்ப் பேரரசரைக் கும்பிட்டு, நாட்காட்டியும் பட்டும் வாங்கி வருகிறார்கள்.

இந்த ஏற்பாட்டில் பொங்சமுக்கு மனக்குறை கிடையாது. அவனுடைய அரசியல் ரொம்பச் சின்னது. "பெரியவங்க வீட்டுக்கும் நம்ம வீட்டுக்கும் நடுவுல ஒரு முள்ளுக்காடு இருக்கணும். நாம போயிக் கும்பிட்டுட்டு வந்துடலாம், தப்பில்ல. அவங்க வந்து அடுப்படிய எட்டிப் பாக்கக் கூடாது. அவ்வளவுதான்" என்பான்.

சென்ற கோடையில் அடுப்படியை எட்டிப் பார்க்க வந்தவர் பெயர் நர்தை. பேரரசருக்காக ஆற்றின் போக்கை வரைய வந்த அதிகாரி. அக்கரையில் அவரால் நடக்க முடியவில்லை. அங்கே யாரும் குடியிருக்கக் கூடாதென்று பேரரசரே மரவேலி போட்டுக் காட்டை வளரவிட்டிருக்கிறார். ஒற்றையடிப் பாதைகூட மிச்சமில்லை. ஆகவே உங்கள் கரையோடு போகிறேன் என்று கேட்டு அனுப்பினார். முடியாது என்று சொல்ல எங்கள் வட்டார அதிகாரிக்கு நெஞ்சில் பலமில்லை. சரி என்று சொல்ல மனமில்லை. பொங்சமை வரவழைத்து ஒன்றைத்தான் சொல்லி அனுப்பினார்: தல்கோல் தடம் மட்டும் அந்தத் தாளில் ஏறிவிட்டால் உன் தலை உன் கழுத்தில் இருக்காது.

நர்தை பருத்த ஆள். சிரித்த முகம். கோபம் வரவேண்டிய இடத்திலெல்லாம் அவருக்குப் பசிதான் வந்தது. கச்சேரிக் குதிரைகள் எலும்பும் தோலுமானவை. ஏறினால் ஏறியவருக்கும் எலும்பு குத்தும். பொங்சம் காட்டிய ஏற்றங்களில் அவர் இறங்கி நடந்தார், இறக்கங்களில் உட்கார்ந்து வழுக்கினார். அப்படியும் மாலையில் நெருப்பைச் சுற்றி உட்காரும்போது தம் பங்கு ஆட்டுக்கறியில் பாதியைப் பொங்சமுக்குத் தள்ளிவிடுவார். இவன் முள்ளங்கி ஊறுகாயை எடுத்து நீட்டுவான். உறைப்பு தாங்காமல் கண்ணில் தண்ணீர் விட்டுக்கொண்டே அவர் இன்னொரு துண்டு கேட்பார். குதிரைகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இருவருக்கும் நேரம் போவதே தெரியாது.

அதுதான் வினையாயிற்று. பிறர் கஷ்டப்படுவதைப் பார்க்கப் பொங்சமால் ஆகாது; அந்தக் கஷ்டம் தான் கொடுத்ததாக இருந்தால் சோறே இறங்காது. ஒரு மாலை நர்தை உட்காரவும் முடியாமல் படுக்கவும் முடியாமல் ஒரு மரத்தில் சாய்ந்து நின்றுகொண்டே சாப்பிட்டார். பல நாள் மலை சுற்றியும் அவர்கள் அப்போது பொங்சமின் ஊருக்கு மேலிருக்கும் முகட்டுக்குப் பின்பக்கத்தில்தான் இருந்தார்கள். விடிந்ததும் விடியாததுமாக அவன் முகடு தாண்டிப் போய்த் தன்னுடைய பழுப்புப் பெண்குதிரையைப் பிடித்துக்கொண்டு வந்தான். அகன்ற முதுகு, ஆட்டமில்லாத நடை. நர்தை ஏறி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு, "ஆகா" என்றார். அந்த ஒரு சொல்லில் பொங்சமுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பால் மறக்காத குட்டியைக் கொட்டிலில் விட்டுவிட்டுத் தாயை மட்டும் ஓட்டி வந்திருக்கிறோம் என்பது அவன் நினைப்பிலேயே இல்லை. மாடு குதிரை வளர்க்கிற எவனும் செய்யக்கூடாத காரியம். எங்கள் பக்கத்தில் கைக்குழந்தைக்காரியைக்கூட விருந்துக்கு அனுப்பிவிடலாம், குட்டி போட்ட குதிரையை அனுப்ப முடியாது.

முகட்டில் பாதை இரண்டாகப் பிரியும் இடம் வந்தது. நர்தையோடு வந்த எழுத்தர்களும் சேவகர்களும் வெகு தூரம் பின்தங்கி இருந்தார்கள். பொங்சம் நின்றான், பிடரியைச் சொறிந்தான், காற்றை மோந்தான். புல்லைப் பிடுங்கக் குனிந்தவன் நிமிர்ந்து பார்த்தபோது குதிரை தானாக வழியைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு தல்கோல் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. அவன் கூப்பிட்டான். அது நடையைக் கூட்டியது. அவன் வாலைப் பிடிக்க ஓடினான். அது ஓட ஆரம்பித்தது. தொந்தியைத் தூக்கிக்கொண்டு அவன் அப்படி ஓடி ஊர் பார்த்ததே இல்லை. நர்தை மட்டும் சேணத்தில் சுகமாக ஆடியபடி போய்க்கொண்டிருந்தார்.

பள்ளத்தாக்கு விரிந்தது. இரண்டு பக்கமும் தினை வயல். நடுவே வெள்ளையாக, நேராக, ஒரு கல் தட்டாத தடம். அதில் ஒரு மாட்டுவண்டி நிறைய விறகை ஏற்றிக்கொண்டு அசைந்து வந்தது. வண்டிக்காரன் நர்தையின் தொப்பியைப் பார்த்ததும் கயிற்றை இழுத்து நிறுத்தினான். களை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். நிமிர்ந்தவர்கள் நிமிர்ந்தபடி நின்றார்கள். கொட்டிலிலிருந்து குட்டி பாய்ந்து வந்து தாயின் மடியில் முட்டியது. குதிரை நின்றது. வாசலுக்கு வந்த சம்வோல், குதிரையையும் அதன்மேல் இருந்தவரையும் பார்த்தாள். பின்னால் மூச்சிரைக்க வந்து நின்ற புருஷனை அதற்குப் பிறகுதான் பார்த்தாள். அவள் வாயிலிருந்து ஒரு கேலியும் வரவில்லை. மேலாடை நுனியைக் கையில் சுருட்டிக்கொண்டாள்.

நர்தை சேணத்தில் இருந்தபடியே சக்கரத் தடத்தைப் பார்த்தார். அது ஆற்றுப் பக்கமிருந்து வருவதைப் பார்த்தார். கழுத்தைத் திருப்பித் தெற்கே போவதையும் பார்த்தார்.

"இந்த வண்டி எந்த வழியா வந்துச்சு?" என்று கேட்டார்.

இப்படிப்பட்ட கேள்விகளுக்குப் பொங்சமிடம் பதில் எப்போதும் கைவசம் இருக்கும். வண்டியை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி முதுகில் சுமந்து வந்து இங்கே பூட்டினோம் என்று முன்பு ஒருவரை நம்பவைத்ததும் உண்டு. இன்று வாயைத் திறந்தான், மூச்சுதான் வந்தது. நட்ட நடுத் தடத்தில் உட்கார்ந்துவிட்டான்.

"பொய் சொல்லத் தெம்பில்லீங்கய்யா. இதான் வழி. எப்பவும் இதான் வழி. எங்கப்பா சின்னப் புள்ளையா இருந்தப்ப ஆறு உறைஞ்சு கெடந்துச்சு, உங்க குதிரைங்க இப்படித்தான் வந்துச்சு. எங்க அத்தை அப்ப வயசுப் பொண்ணு. இந்தா, இந்த வாசல்லேருந்துதான் தூக்கிட்டுப் போனாங்க. திரும்பி வரவே இல்ல. அதுக்கப்புறம்தான் நாங்க மலையில கல்ல உருட்டிப் போட ஆரம்பிச்சோம். நீங்க நல்லவரு, எனக்குத் தெரியும். உங்க தாளு நல்லதா கெட்டதா, அது எனக்குத் தெரியாது."

நர்தை குதிரையிலிருந்து இறங்கினார். பால் குடித்துக்கொண்டிருந்த குட்டியின் முதுகைத் தடவினார். சம்வோல் உள்ளே போய்த் தினைச் சோறும் சோயாக் குழம்பும் கொண்டு வந்து வைத்தாள். அவர் தரையில் உட்கார்ந்து, வலிக்கிற இடத்தைச் சரித்துக்கொண்டு, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். ஊர் முழுக்க அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. பொங்சம் தன் கழுத்தைத் தானே தடவிக்கொண்டிருந்தான்.

"எங்க பக்கம் நாங்க காட்டை வளத்து வெச்சிருக்கோம்" என்றார் நர்தை, கிண்ணத்தைக் கீழே வைத்தபடி. "உங்க பக்கம் நீங்க கல்ல உருட்டி வெச்சிருக்கீங்க. ரெண்டு பேரும் ஒரே வேலையத்தான் பாக்குறோம்."

முகட்டிலிருந்து ஆள் கூப்பிடும் சத்தம் கேட்டது. எழுத்தர்கள் பாதை பிரியும் இடத்துக்கு வந்துவிட்டார்கள். இன்னும் சற்று முன்னால் வந்து எட்டிப் பார்த்தால் பள்ளத்தாக்கு முழுவதும் கண்ணில் படும். நர்தை அவசரமாக எழுந்து குதிரையின் கடிவாளத்தைப் பிடித்து மேட்டுப் பக்கம் திருப்பினார். அது நாலு காலையும் ஊன்றிக்கொண்டது. பொங்சம் முன்னாலிருந்து இழுத்தான், வண்டிக்காரன் வந்து பின்னாலிருந்து தள்ளினான். ஓர் அடி நகரவில்லை. நர்தை குதிரை நாட்டில் பிறந்தவர். அதன் முகத்தை ஒருமுறை பார்த்ததும் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. கடிவாளத்தை விட்டுவிட்டுச் சம்வோலிடம் கை நீட்டிக் கயிறு கேட்டார். அதைக் குட்டியின் கழுத்தில் போட்டு, மறுமுனையைத் தம் தோளில் போட்டுக்கொண்டு, கல்லும் முள்ளுமாக இருந்த ஏற்றத்தை நோக்கி நடக்க ஆரம்பித்தார். குட்டி அவர் பின்னால் போயிற்று, தாய் குட்டியின் பின்னால் போயிற்று. மேலிருந்து யாரோ வழி கேட்டுக் கத்தியதற்கு, "வராதீங்க, கீழ வழி கெடையாது" என்று கத்திவிட்டு, இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, பேரரசரின் அதிகாரி ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காமல் ஏறினார்.