எண்பத்திரண்டிலேயே நின்ற எண்

அவர் உப்பு ஜாடியைத் திறந்தாலும் ஒரு கல்லை நாக்கில் வைத்துப் பார்த்த பிறகுதான் அது உப்பு என்று ஒப்புக்கொள்வார். வண்டி எண்ணெயை விரலில் தொட்டு மூக்கருகே கொண்டுபோகும் பழக்கத்தால், பட்டறைக்காரர்கள் அவருக்கு மோப்பக்காரர் என்று பெயர் வைத்திருந்தார்கள். பிக்கப் வண்டியின் பின்னால் டிரெய்லரைப் பூட்டி அடுத்தவர் படகுகளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர் தொழில். முந்தைய வண்டியின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஒரு மலை ஏற்றத்தில் கருகியது. எட்டு மாதம் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தார். இந்த வண்டியும் போனால் இன்னொன்று வாங்க வழியில்லை.

அதனால்தான் கியர் எண்ணெயின் சூட்டைக் காட்டும் மீட்டர் ஒன்று வாங்கினார். பொருத்தியது மனைவியின் தம்பி. நாற்பது வயது, வீட்டு வயரிங் வேலை.

அன்று மூன்று டன் படகு. மச்சினர் பக்கத்தில் உட்கார்ந்து மீட்டரின் எண்ணை வாசித்துக்கொண்டு வந்தார். சமவெளியில் எண்பது டிகிரி. ஏற்றம் தொடங்கியது.

"இப்ப?"

"எண்பத்திரெண்டு, மாமா."

மூன்றாவது வளைவு. என்ஜின் முக்கி முனகியது. எந்த கியரில் நிற்பது என்று தெரியாமல் கியர்பாக்ஸ் தடுமாறியது.

"இப்ப?"

"அதேதான். அது குளுகுளுன்னு இருக்கு. உங்களுக்குத்தான் கொதிக்குது."

அவர் நம்பவில்லை. நூறு என்று சொல்லியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். இத்தனை பாரத்தை இழுக்கிற வண்டி இத்தனை சாதுவாகவா இருக்கும்? மீட்டரைப் பார்த்தார். மச்சினரைப் பார்த்தார். இருவரில் யாரோ பொய் சொல்கிறார்கள்.

சாலை அகலமான இடத்தில் ஒதுக்கி, கியரை பார்க்கில் போட்டு, கை பிரேக்கை இழுத்தார். என்ஜினை அணைக்கவில்லை.

"எதுக்கு மாமா நிறுத்துறீங்க? மலை ஏறுற படகைப் பாக்க ஊரே கூடிடும்."

"வாயை மூடிட்டு சக்கரத்துக்குக் கல்லு வை, மாப்ள."

அவர் தண்ணீர் பாட்டிலோடு குனிந்தார். கியர்பாக்ஸுக்கும் முன்னாலிருந்த கூலருக்கும் இடையே இரண்டு குழாய்கள். ஒன்றில் சூடான எண்ணெய் ஆறப் போகும். மற்றதில் ஆறிய எண்ணெய் திரும்பி வரும். மீட்டரின் கிளிப் மாட்டியிருந்த குழாயில் நாலு துளி தெளித்தார். தண்ணீர் வழிந்து இறங்கியது. பக்கத்துக் குழாயில் தெளித்தார். 'சொய்' என்று ஆவியாகிப் போனது.

"எந்தக் குழாய்ல மாட்டுன?"

"கைக்கு எட்டினதுல. ரெண்டுலயும் ஒரே எண்ணெய்தானே ஓடுது?"

"குளிச்சிட்டு வர்றவன்கிட்ட போய் வேர்க்குதான்னு கேட்டிருக்க."

மச்சினர் கையுறை போட்டு கிளிப்பை மாற்றினார். எண் விறுவிறுவென்று ஏறி நூற்றுப் பதினெட்டில் நின்றது. அவர் கியர் எண்ணெயின் அளவு பார்க்கும் கம்பியை உருவி முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். கருகல் வாடை இல்லை. அதையும் நம்பாமல் கம்பியை மச்சினரின் மூக்கருகே நீட்டினார்.

வண்டி நின்றபடியே என்ஜின் ஓட, எண் தொண்ணூறுக்கு இறங்கும்வரை காத்திருந்தார்கள். பிறகு தாழ்ந்த கியரில், நடப்பவர் முந்திவிடும் வேகத்தில் உச்சிவரை ஏறினார்கள். எண் நூறைத் தாண்டவில்லை.

"இப்பவாவது நம்புறீங்களா?"

"மீட்டரை நம்புறேன். மாட்டுனவனைப் பத்தி யோசிக்கணும்."

அவர் இறந்துபோய்ப் பதினோரு மாதம் ஆகிறது. இப்போது வண்டியை ஓட்டுவது மச்சினர்தான். கிளிப் சரியான குழாயில்தான் இருக்கிறது. இருந்தாலும் அந்த மூன்றாவது வளைவு வந்ததும் ஒதுக்கி நிறுத்துகிறார். சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, பாட்டிலோடு குனிகிறார்.