நெய் டின் கோபுரம்

தலைநகர் சூவாவை ஒட்டிய நசினுவில் ஒரு சூப்பர் மார்க்கெட். அங்கே சாமான் அடுக்கிக் காட்சி வைப்பதுதான் அப்பலசாமியின் வேலை. சோப்போ, மீன் டின்னோ, எதைக் கொடுத்தாலும் வாசலுக்கு எதிரே ஆளுயரத்துக்கு நிறுத்திவிடுவார்.

இரண்டாயிரமாவது ஆண்டு மே மாதம் ஆட்சியைக் கவிழ்க்க ஒரு கும்பல் நாடாளுமன்றத்துக்குள் துப்பாக்கியோடு புகுந்தது. சூவாவில் இந்தியர்களின் கடைகளைச் சூறையாடினார்கள். அதன் பிறகு வாடிக்கைக் குடும்பங்கள் ஆக்லாந்து, சிட்னி என்று ஒவ்வொன்றாய்க் கிளம்பிவிட்டன. முதலாளி ஷைலேந்திரா ஆள் குறைக்கத் தொடங்கினான். தீபாவளிக்கு வந்த நெய் டின் விற்றுத் தீர்ந்தால் வேலை உண்டு, இல்லாவிட்டால் வீட்டுக்குப் போகலாம் என்று அப்பலசாமியிடம் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டான்.

அப்பலசாமி வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினார். டின்களைக் கோயில் கோபுரம் மாதிரி அடுக்கி, வண்ண விளக்கு சுற்றி, உச்சியில் லட்சுமி படத்தை வைத்தார். அங்கேதான் சனியன் பிடித்தது.

சனங்கள் வந்தார்கள். கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்கள். ஒருத்தி செருப்பைக் கழற்றினாள். இன்னொருத்தி செம்பருத்திப் பூ வைத்தாள். டின்னை உருவ மட்டும் ஒருவருக்கும் கை வரவில்லை. சாமி முன்னால் இருப்பதை எடுத்துக் கூடையில் போடுவதாவது!

கல்லாவில் இருக்கும் கமலா வடக்குத் தீவிலுள்ள லம்பாசா ஊர்க்காரி. வாய் நீளம்.

"உண்டியலும் வெச்சிரு அண்ணே. நெய்யி வித்ததுக்கு மேல வரும்."

"பேசாம நீ ரெண்டு டின்னு எடேன், பாப்போம்."

"நான் மாட்டேன்பா. பண்டிகை நேரத்துல பாவத்தக் கட்டிக்கச் சொல்றியா?"

அப்பலசாமி படத்தை இறக்கினார். பிரயோசனமில்லை. கும்பிட்டுப் பழகியவர்கள் வெறும் டின்னையே கும்பிட்டார்கள். அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு டின்னை எடுத்து ஒரு அம்மாளின் கையில் திணித்தார். அவள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனாள்.

பண்டிகைக்கு முதல் நாள் ரொட்டி வண்டி ஓட்டும் மாரிஸ் வந்தான். கத்தோலிக்கன்; கோபுரம் அவனை ஒன்றும் செய்யவில்லை. பெண்டாட்டி நெய் கேட்டாள் என்று அடிவரிசையில் கைக்கு எட்டிய டின்னைப் பிடித்து இழுத்தான். மொத்தமும் சரிந்து, கடை முழுக்க டின் உருண்டது.

அப்பலசாமி தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். ஆனால் சனங்கள் குனிந்தார்கள். காலில் படக்கூடாது என்று ஆளுக்கு ரெண்டு மூன்றாய்ப் பொறுக்கினார்கள். தரையில் கிடந்தது கோபுரமில்லை, நெய். பொறுக்கியதை அப்படியே கூடையில் போட்டுக்கொண்டு கமலாவின் முன்னால் வரிசை கட்டினார்கள். சாயங்காலத்துக்குள் ஒரு டின் மிச்சமில்லை.

வேலை தப்பியது என்று நினைத்துக்கொண்டுதான் அப்பலசாமி முதலாளியிடம் போனார். ஷைலேந்திராவின் தாய் தமிழச்சி. தேவைப்பட்டால் அவனுக்குத் தமிழ் வரும்.

"கீழ கொட்டினாலே விக்குதே அண்ணே. அப்புறம் அடுக்கறதுக்கு ஒரு ஆளு எதுக்கு?"

"கொட்டறதுக்காவது ஆளு வேணுமா, வேணாமா?"

அதை மாரிஸ் கூலி வாங்காமலே செய்துவிட்டானே என்றான் ஷைலேந்திரா. விளையாட்டுக்குச் சொன்ன மாதிரி இல்லை. அப்பலசாமி கடைச் சட்டையைக் கழற்றி அவன் மேசைமேல் எறிந்துவிட்டு, பனியனோடு போய் மினிபஸ் ஏறினார்.