கொல்லையில் பரிசல் கவுக்கக் கூடாது

எங்க ஊரு குளம் நிறைஞ்சா தண்ணி எங்க வீட்டுக் கொல்லைச் சுவரைத் தொடும். அந்தக் கொல்லையிலதான் எங்க வீட்டுக்காரர் பரிசலைக் கவுத்து வைப்பார். விடியறதுக்கு முன்னாடி தூக்கித் தண்ணியில போட்டு, முந்தின நாள் விரிச்ச மீன் வலையை எடுத்துட்டு வந்து, திரும்பக் கவுத்திருவார். வெயில்ல காஞ்சாத்தான் அடியில ஒட்டுன சாக்கும் தாரும் நிக்கும். எங்க சோறு அந்தப் பரிசல்லதான் இருந்துச்சு.

பக்கத்து வீடு என் கூடப் பிறந்த அண்ணன் வீடு. திண்டுக்கல் தனி ஜில்லாவா ஆன சமயம், கரையோரத்துல வரிசையா மாடி வீடு வந்துச்சு. அண்ணனும் மாடி எடுத்தார். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பிச்சதும் எங்க பரிசல் அவர் கண்ணை உறுத்துச்சு.

"ஏத்தா, பொண்ணு பார்க்க வாரவுக மூக்கைப் பொத்திக்கிட்டுப் போறாக"ன்னார்.

"உங்க வீட்டுக் குழம்புல மட்டும் கவிச்சி தெரியலையாண்ணே"ன்னேன். எனக்கு வாய் சும்மா இருக்காது.

அவர் நேரா கரையோர வீட்டுக்காரங்களைக் கூட்டிக்கிட்டுப் பஞ்சாயத்துக்குப் போனார். தமுக்கடிச்சுச் சொல்லிட்டாங்க. எந்தக் கொல்லையிலயும் பரிசல் கவுக்கக் கூடாது. எல்லாத்தையும் படித்துறையில, தண்ணியிலயே, சங்கிலி போட்டுப் பூட்டணும். சாவி காவக்காரர்கிட்ட இருக்கும், பொழுது விடிஞ்சுதான் திறப்பார். ஒண்ணோட ஒண்ணு மோதக் கூடாதுன்னு சங்கிலியைக் குட்டையா வேற வச்சாங்க. விடிஞ்சப்புறம் வலையில என்ன இருக்கும்? பாம்பும் நண்டும் தின்னது போக மிச்சம். பரிசல் அடி ஊறிப் பிய்ய ஆரம்பிச்சுச்சு. வீட்டுக்காரர் தினம் பூட்டுத் திறக்கற வரைக்கும் படியில குந்திக் கிடந்தார். அதைப் பார்த்துத்தான் எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

ஐப்பசியில மலைமேல கொட்டுன மழையில ஒரு நாள் காலையில குளத்துல விழுற ஓடை திரண்டு வந்துருச்சு. அண்ணன் தோப்பு குளத்துக்கு அந்தப் பக்கம். கறவை மாட்டை அவுத்துவிடப் போன மதினி, தண்ணி சுத்திக்கிட்டதும் மோட்டார் ரூம் மேல ஏறி நின்னாங்க. இங்கிருந்தே அவங்க சேலை தெரிஞ்சுச்சு.

அண்ணன் எங்க கொல்லை வழியா எங்க வீட்டுக்காரரைத் தேடி ஓடி வந்தார். "மாப்ள, பரிசல் மாப்ள." அம்புட்டுத்தான் வாயில வந்துச்சு. கொல்லையில பரிசல் இல்லைங்கறது அவருக்கு அப்பத்தான் ஞாபகம் வந்திருக்கும்.

படித்துறைக்கு ஓடுனோம். மழைன்னு யாருக்கும் திறக்காம, காவக்காரர் சாவியோட வத்தலக்குண்டுக்குப் போயிருந்தார். தண்ணி ஏற ஏற, சங்கிலி இழுத்துப் பிடிச்சு, பரிசல் எல்லாம் ஒரு பக்கம் முங்கிக் கிடந்துச்சு. அண்ணன் கல்லை எடுத்துப் பூட்டை அடிச்சார், அடிச்சார். திண்டுக்கல் பூட்டு, அசைவேனாங்குது. எங்க வீட்டுக்காரர்தான் கடப்பாறையோட முங்கி, படியில பதிச்சிருந்த இரும்பு வளையத்தையே நெம்பிப் பேத்தார். தண்ணியைக் கொட்டிட்டு, ஊறுன பரிசல்லயே போனார். திரும்பி வர்றப்ப அடியில தண்ணி ஏறிக்கிட்டே இருந்துச்சாம். மதினி ரெண்டு கையாலயும் அள்ளி அள்ளி வெளிய ஊத்திக்கிட்டேதான் கரை சேந்தாங்க.

அண்ணன் எங்க வீட்டுக்காரர் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதார். சரி, இனிப் பரிசல் கொல்லைக்கு வந்துரும்னு நினைச்சேன். நினைக்கத்தானே செய்வோம்.

தண்ணி வடிஞ்சதும், மறுபடி பொண்ணு பார்க்க ஆள் வாராகன்னு சேதி வந்துச்சு. அன்னைக்கு நான் படித்துறைக்குத் துவைக்கப் போனேன். அண்ணன் குத்தவச்சு உக்காந்து, பேத்தெடுத்த வளையத்தை முன்னைவிட ஆழமாக் குழி வெட்டிச் சிமெண்டு போட்டுப் பதிச்சுக்கிட்டிருந்தார். பக்கத்துல நின்னு மதினி செம்புத் தண்ணியை ஊத்திக்கிட்டிருந்தாங்க. என்னைப் பார்த்தாங்க. ஊத்துறதை நிறுத்தல.